செம்மண், வெல்லம், கரி

அந்த அடுக்குமாடியின் லிஃப்டுக்கே அன்று சடவாக இருந்தது. பதினான்காவது மாடிக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நின்று யோசித்தது. ஜிஷ்ணு அதன் சுவரில் சாய்ந்துகொண்டு, "நீயுமா?" என்று கேட்டார். தோளில் ஒரு பை, பைக்குள் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துண்டு, முழங்காலில் வலி. தொழிலுக்கு வேண்டிய சாமான் அவ்வளவுதான்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் பிறந்த காலத்தில் கோயம்புத்தூரில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் நியூமராலஜி பார்த்து, தாத்தாக்களின் வாயில் நுழையாத பெயராகத் தேடி வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளும் ஒருநாள் கிழடு தட்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஜிஷ்ணு என்ற பெயரைக் கேட்டுவிட்டுக் கதவைத் திறப்பவர்கள் கிரிக்கெட் மட்டையோடு ஒரு பொடியனை எதிர்பார்ப்பார்கள். எதிரே வழுக்கையும் தொந்தியுமாக இவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்.

தொழில், பாம்பு பார்ப்பது. ஜோசியமல்ல. ஜோசியமாவது சில நேரம் பொய்க்கும்.

அடுக்குமாடிச் சங்கங்கள் முதலில் நாயைத் தடை செய்தன, பிறகு பூனையை. மிஞ்சியது சோளப்பாம்பு. குரைக்காது, முடி கொட்டாது, வாரம் ஒரு எலிக்கு மேல் கேட்காது. அந்த எலியும் ஃப்ரீசரில் குச்சி ஐஸுக்குப் பக்கத்தில் சமர்த்தாக விறைத்துக் கிடக்கும். முதலில் அலறியவர்கள் பிறகு பெயர் வைத்துக் கொஞ்ச ஆரம்பித்தார்கள். அப்புறம் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. அதன் பிறகு ஐம்பத்தைந்து தாண்டிய ஆள் இருக்கும் வீட்டில் பாம்பு வளர்ப்பது ஆசையாக இல்லாமல் சட்டமாகிவிட்டது.

கதவைத் திறந்தவர் ஓவியா அம்மாள். முப்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இப்போதும் கை இரண்டும் ஸ்டீயரிங் பிடித்த மாதிரியே நிற்கும். தனியாக இருக்கிறார்.

"வாங்க தம்பி. செருப்பை உள்ளயே உடுங்க. வெளிய இருந்தா பக்கத்து வீட்டுப் பசங்க ட்ரோன்ல கட்டித் தூக்கிட்டுப் போயிடறானுங்க. ரோஜா காத்தாலிருந்து கடுகடுன்னு இருக்குது, பாத்து எடுங்க."

"கடிச்சாலும் பரவால்லீங்கம்மா. இது கடிச்சா விஷமில்லை. நான் வாயைத் திறந்தாத்தான் விஷம்."

ஓவியா அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். ரோஜா அவருடைய தலையணை உறைக்குள் சுருண்டிருந்தது.

"எனக்கு மறுபடி ஒருக்கா சொல்லுங்க தம்பி. இது எப்பிடிக் கண்டுபுடிக்குது?"

போன வருடமும் கேட்டார். அதற்கு முந்தைய வருடமும். ஜிஷ்ணு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முழங்கால் கண்டபடி திட்டியது.

"இதுக்கு மூக்கு நாக்குல இருக்குதுங்கம்மா. நாக்கை நீட்டி நீட்டி உங்க வேர்வையை ருசி பாக்குது. மறதிச் சீக்கு வெளிய தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே வேர்வைல ஒரு வாசம் வந்துருமாம். நமக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும். அந்த வாசம் பழகிட்டா இது ஒடம்புல செவப்புச் சாயம் ஊர்றது நின்னு போற மாதிரித் திருத்தி வெச்சிருக்காங்க. அடுத்த சட்டை உரிக்கறப்போ, புதுத் தோல்ல செவப்பு கொறஞ்சு வரும்."

"அப்ப இது எம் மூளைக்கு வெச்ச லிட்மஸ் பேப்பர்."

"லிட்மஸ் பேப்பர் எலி திங்காதுங்கம்மா."

ரோஜாவை எடுத்துக்கொண்டு வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் போனார். ட்யூப்லைட்டில் எந்தப் பாம்பும் பழுப்பாகத்தான் தெரியும். வடக்கு வெளிச்சம், கீழே வெள்ளைத் துண்டு, ஈரமில்லாத கை. அதுதான் முறை. நல்ல பாம்பு ஆரஞ்சு உடம்பும் செங்கல் நிறத் திட்டுகளுமாக இருக்கும்; அதற்குச் செம்மண் என்று பெயர். திட்டுகள் பழுப்பேறினால் வெல்லம். அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். சிவப்பு முழுக்கப் போய்ச் சாம்பலும் கறுப்புமாக நின்றால் கரி. இதற்கு நடுவே பிறக்கும்போதே சிவப்பில்லாத ஒரு ரகமும் உண்டு. அதன் தொண்டையில் மஞ்சள் பூசியிருக்கும். கரிக்கு அந்த மஞ்சளும் இருக்காது.

ஆரம்பத்தில் இதையெல்லாம் கேமராதான் பார்த்தது. அது தொண்டையைப் பார்க்க மறந்து, பிறவிச் சாம்பல் வளர்த்த பல பேரை வீட்டுக்குள் பூட்டவைத்தது. கடைசியில், ஒரு மனிதர் நேரில் பார்த்து நேரில் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜிஷ்ணுவுக்கு இதில் வேறு அபிப்பிராயம். கேமராவுக்குச் சட்டை கிடையாது, கோபம் வந்தால் பிடித்து உலுக்க முடியாது. அதற்காகத்தான் தன்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

ரோஜாவைப் புரட்டினார். வயிற்றில் சோளக்கதிர் மாதிரி கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள். அதில் மாற்றமில்லை. மேலே திருப்பினார். போன தடவை வெல்லமாக இருந்த திட்டுகள் அடுப்புக்கரியைத் தேய்த்த மாதிரி இருந்தன. தொண்டையில் மஞ்சள் இல்லை.

ஓவியா அம்மாள் பாம்பைப் பார்க்கவில்லை. ஜிஷ்ணுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரி என்று அவர் சொல்லிவிட்டால், அன்று சாயங்காலமே அடுப்பு இந்த விரலுக்குப் பற்றாது. வண்டி கிளம்பாது. வாசற்கதவு உள்ளிருந்து இந்தக் கைக்குத் திறக்காது. வேறு யாராவது வந்து கை வைத்தால்தான். தனியாள் என்றால் பராமரிப்பு இல்லத்திலிருந்து வண்டி வரும். எல்லாம் நல்லதுக்குத்தான் என்பார்கள். அதில் உண்மையும் இருந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் படுத்த ஒருவரால் ஒரு மாடியே எரிந்ததை ஜிஷ்ணு கண்ணால் பார்த்திருக்கிறார். நல்லதுக்குத்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது முதுகில் ஒரு மூட்டை ஏறிக்கொள்ளும். இருபது வருட மூட்டைகள். முழங்கால் வலிக்குக் காரணம் எடை என்று டாக்டர் சொன்னது ஒருவிதத்தில் சரிதான்.

ரோஜாவின் கண்கள் கண்ணாடி மணிபோலத் தெளிவாக இருந்தன.

"கண்ணு பால் பூக்குதுங்கம்மா," என்றார் ஜிஷ்ணு. "சட்டை உரிக்கப் போகுது. இந்த நேரத்துல எல்லாமே மங்கலாத்தான் தெரியும், நெறம் சொல்லப்படாது. உரிச்சு முடிக்கட்டும். பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன்."

சட்டை உரிப்பதற்கு முன்னால் பாம்பு மங்கும், கண்ணில் பால் படரும், அப்போது நிறம் சொல்லக் கூடாது. இது தொழிலின் முதல் பாடம். தெளிந்த கண்ணிலும் பாலைப் பார்ப்பது ஜிஷ்ணுவின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஊரில் நிறம் பார்க்கும் பத்துப் பதினைந்து பேருக்கும் அது மெல்லப் பரவிவிட்டது. யாரும் யாரிடமும் பேசிக்கொண்டதில்லை.

ஓவியா அம்மாள் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பத்து நாளா? போதும். தனியாப் பஸ் ஏறி மருதமலைக்கு ஒருக்கா போயிட்டு வந்தர்றேன். எவனும் கூட வந்து கையப் புடிக்காம." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "காபி?" என்றார்.

அதுதான் கஷ்டமான இடம். நிறம் பார்ப்பவர்கள் நல்ல நிறம் சொன்னால் அந்த வீட்டில் ஒரு காபி குடிப்பார்கள். கரி சொன்னால் தண்ணீரும் தொடாமல் இறங்கிவிடுவார்கள். எந்த விதியிலும் இல்லாத வழக்கம். சொன்ன வாயாலேயே அந்த வீட்டுக் காபியை உறிஞ்ச யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான். நாளடைவில் ஜனங்கள் பாம்பை விட்டுவிட்டு டம்ளரைப் பார்த்தே நிறத்தைக் கண்டுபிடித்தார்கள். பொய் சொல்வதென்றால் முழுசாகச் சொல்ல வேண்டும். ஜிஷ்ணு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

"பாத்துக்குங்கம்மா," என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இது கடிச்சா விஷமில்லை. நான் வாயைத் திறந்தாத்தான் விஷம்."

ஓவியா அம்மாள் இந்த முறையும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

கீழே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டரைத் தேடி இரண்டு சுற்று சுற்றினார். அப்புறம்தான் அது மெக்கானிக்கிடம் கிடப்பதும், தான் பஸ்ஸில் வந்ததும் நினைவு வந்தது. மனசு பூராவும் வீட்டுக் கவலை இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டுக் கவலைக்குப் பெயர் ஜிலேபி.

அவர் வீட்டுப் பாம்பு. குட்டியாக வந்தபோது பாகிலிருந்து அப்போதுதான் எடுத்த நிறம். போன இரண்டு சட்டைகளில் அது பழைய முறுக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. வெல்லம். இன்னும் கரியாகவில்லை. சொந்த வீட்டுப் பாம்பைத் தானே பார்க்கக் கூடாது என்பது சட்டம். அவர் வீட்டை ஸ்டெஃபி பார்ப்பாள், ஸ்டெஃபியின் வீட்டை இவர். ஸ்டெஃபி அடுத்த மாதக் கடைசியில் வருகிறாள். அதற்குள் ஜிலேபி இன்னொரு சட்டை உரிக்கும்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவர், அவர் மனைவி தன்ஷிகா. சீக்கு யாருக்கு என்பதில் ஜிஷ்ணுவுக்குச் சந்தேகமில்லை. சாவி அரிசி டப்பாவுக்குள் இருந்தது. "நான்தான் வெச்சேன்," என்றாள் தன்ஷிகா. அவருடைய மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. "அட, நான்தான்." ஒருநாள் பால் பொங்கி வழிந்து பாத்திரம் தீய்ந்து வீடெல்லாம் புகை. "நான்தானுங்க அடுப்ப மறந்துட்டேன், ஜன்னலத் தொறங்க." ஒவ்வொரு முறையும் அவள் ஒப்புக்கொண்ட வேகம்தான் அவரைப் பயமுறுத்தியது. ஊரார் மூளையெல்லாம் பார்த்துச் சொன்னவனுக்கு, பக்கத்தில் படுத்திருப்பவளைக் காப்பாற்றத் தெரியாதா?

அவர் உள்ளே வந்தபோது தன்ஷிகா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜிலேபி அவள் முழங்கைக்கு மேல் வங்கி நகை போட்ட மாதிரி சுற்றியிருந்தது. சில மாதங்களாக அதை அவள் கீழே விடுவதே இல்லை. தூங்கும்போதுகூட அவள் பக்கத்துத் தலையணைக்கு அடியில்தான்.

"அதை எறக்கி உடு தன்ஷி. புருசன் வந்து நிக்கறான், ஒரு மரியாதை இல்ல."

"உங்களுக்குக் காலிருக்குது, நீங்களா நடந்துக்குவீங்க. பாவம், அதுக்கில்ல."

"அது மேல பூச்சி ஏறியிருக்குது."

அவள் கத்தி நின்றது. "எங்க?"

"கண்ணுக்குத் தெரியாது. பேன் மாதிரி. என் ரூம்ல வெச்சு மருந்து போடறேன். அடுத்த சட்டை உரிக்கற வரைக்கும் நீ தொடப்படாது. அங்கியே நானும் படுத்துக்கறேன்."

"மருந்த நான் போடறேனே."

"உனக்குத் தெரியாது."

"சொல்லிக் குடுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"தன்ஷி, இருவது வருசமா இதே பொழப்பு. எனக்குத் தெரியாதா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு ஜிலேபியைக் கையிலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். முகம் பொக்கென்று போயிருந்தது. "எங்கூடவே இருந்துட்டுப் போகட்டும்னா கேக்க மாட்டீங்களா?" என்று கடைசியாக ஒருதரம் கேட்டாள். இத்தனை பாசமா என்று ஜிஷ்ணுவுக்கு ஒரே நேரத்தில் பொறாமையாகவும் பாவமாகவும் இருந்தது.

திட்டம் எளிமையானது. பாம்பு யாரோடு பழகுகிறதோ அவர் வாசத்துக்குத்தான் நிறம் மாறும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் யாருக்குச் சீக்கு என்று பிரித்துப் பார்க்க அலுவலகத்திலேயே அப்படித்தான் செய்வார்கள்: ஒரு சட்டைக்காலம் ஒருவரிடம் மட்டும் விட்டுவைப்பார்கள். ஜிஷ்ணு அதையே திருட்டுத்தனமாகச் செய்தார். தன்ஷிகாவின் வாசமே படாமல் தன்னோடு வைத்துக்கொண்டால் சிவப்பு திரும்பி ஊறும். ஸ்டெஃபி வரும்போது ஜிலேபி பாகு சொட்டச் சொட்ட இருக்கும். செம்மண் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போவாள். ஒரு வருடம் கிடைக்கும். அடுப்பு தன்ஷிகாவின் விரலுக்கு இன்னும் ஒரு வருடம் பற்றும்.

அதன்படி ஜிலேபி அவருடைய அறைக்கு வந்தது. அவருடைய பனியனுக்குள் புகுந்துகொண்டது, அக்குளில் தலையை வைத்துத் தூங்கியது, கழுத்து வேர்வையை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. "நல்லா முகந்துக்க," என்றார் ஜிஷ்ணு. "சுத்தமான சரக்கு. கலப்படமில்ல." தன்ஷிகா வாசலில் நின்று தட்டை மட்டும் நீட்டுவாள். உள்ளே வரமாட்டாள். "பூச்சி போச்சுங்களா?" என்பாள். அவர் சொன்ன பொய்யை அவர் மறந்திருந்தபடியால், "என்ன பூச்சி?" என்று கேட்டு, பிறகு சமாளிப்பார்.

கண்ணில் பால் பூத்தது. பிறகு தெளிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஜிலேபி மேஜைக் காலில் மூக்கைத் தேய்த்து, உதட்டோரத்தில் சட்டையைக் கழற்றி, பழைய காலுறை உருவுகிற மாதிரி தன்னைத் தானே உருவிக்கொண்டு வெளியே வந்தது.

ஸ்டெஃபி வரும் நாளும் அதுதான்.

ஜிஷ்ணு உரித்த சட்டையை எடுத்து அலமாரிக் கைப்பிடியில் தொங்கவிட்டார். வடக்கு ஜன்னலைத் திறந்தார். வெள்ளைத் துண்டை விரித்தார். கையைத் துடைத்தார். ஜிலேபியைத் தூக்கித் துண்டின்மேல் வைத்தார்.

சாம்பல் உடம்பு. கறுப்புத் திட்டுகள். தொண்டையைப் புரட்டினார். மஞ்சள் இல்லை.

வெளியே மேகம் என்று நினைத்தார். மேகமில்லை. துண்டில் நீலம் அதிகம் போட்டுவிட்டார்களோ என்றார். எலி சரியில்லாமல் இருக்கும். புது சோப்பு. இருபது வருடமாக ஜனங்கள் அவரிடம் சொன்ன சாக்குகளெல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் அவரே வைத்திருந்த பதில் பின்னாலேயே வந்தது. கடைசியாக, தன்ஷிகாவின் துணி ஏதாவது இந்த அறையில் கிடந்திருக்க வேண்டும் என்று கட்டிலடியில் தேடினார். மெத்தையைப் புரட்டினார். கிடைத்தது அவருடைய பனியன். அவருடைய துண்டு. அவருடைய தலையணை.

முழங்காலில் நின்றபடியே இருந்தார். எழுந்திருப்பது எப்படி என்பது மறந்துபோனதோ என்று ஒரு கணம் பயமாக இருந்தது. முழங்கால் வலித்தது. பரவாயில்லை, வலிதான்.

தன்ஷிகா வாசலில் நின்றாள். இத்தனை நாளில் முதல்முறையாக உள்ளே வந்தாள். துண்டின்மேல் கிடந்த பாம்பைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உன் வாசம் இன்னும் இந்த ரூம்ல..." என்று ஆரம்பித்தார் ஜிஷ்ணு.

அவள் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எங்கையிலயே உட்டிருந்தீங்கன்னா," என்றாள், "இன்னும் ரெண்டு சட்டைக்காவது தாங்கியிருக்குமுங்க."

மேல் மாடியில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். ஜிஷ்ணு அவள் பக்கம் திரும்பினார்.

"அரிசி டப்பால சாவி?"

"நான்தான்."

"தன்ஷி."

"நீங்கதான்."

"கண்ணாடி?"

"நீங்க."

"பால்?"

அவள் அவர் தோளில் இருந்த நூலொன்றை எடுத்துப் போட்டாள். "அன்னைக்கு நான் கடைக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா நீங்க ஹால்ல டிவி பாத்துட்டு, தீயற வாசம் எங்கிருந்து வருதுன்னு எங்கிட்டயே கேட்டீங்க. நான்தான்னு சொன்னதும் ஒரு திட்டுத் திட்டுனீங்க பாருங்க. நல்லாத்தான் திட்டுனீங்க. வார்த்தையெல்லாம் ஒண்ணும் மறக்கல."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறெங்கோ போயிற்று.

"நீயெதுக்கு எல்லாத்தையும் உந்தலைல போட்டுக்கிட்ட?"

"உங்களுக்கு ஒருத்தரு போயிக் கரின்னு சொல்லோணுமா? நீங்க ஊருக்குச் சொல்லிச் சொல்லி வந்து படுக்கறதைப் பாத்துட்டுத்தான இருக்கறேன்."

அழைப்புமணி அடித்தது.

ஸ்டெஃபிக்காக ஜிஷ்ணு ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். ஜிலேபிக்குச் சிவப்பு திரும்பாமல் போனால் தன்ஷிகாவுக்காகக் கெஞ்சுவதற்கு. கெஞ்சல் நன்றாகவே வந்திருந்தது, கண்ணாடி முன்னால் சொல்லியும் பார்த்திருந்தார். அதையே தனக்காகச் சொல்வதென்றால் முதல் வரியே நாக்கில் வரவில்லை. மறதியாலல்ல. வெட்கமாக இருந்தது.

ஸ்டெஃபி நாற்பத்தைந்து வயது, வேகமாக நடப்பாள், வேகமாகப் பேசுவாள். அவர் பழக்கிய ஆளல்ல. அவரோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவள். "என்னுங்ணா, சௌக்கியமா? அண்ணி, காபி வாசம் கீழ கேட் வரைக்கும் வருது. எங்க நம்ம ஜிலேபி? கடிக்குமா இப்பவும்?"

"கடிச்சா விஷமில்லை ஸ்டெஃபி," என்றார் ஜிஷ்ணு. "நான் வாயைத் திறந்தாத்தான் விஷம்."

ஸ்டெஃபி சிரித்தாள். தன்ஷிகாவும் சிரித்தாள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்குச் சிரித்தார்கள். போன வாரம் அலுவலகத்திலும் ஸ்டெஃபி இதேபோலத்தான் சிரித்தாள் என்பது ஜிஷ்ணுவுக்கு எங்கோ மங்கலாகத் தட்டியது. பாடம் பண்ணி வைத்த சிரிப்பு. எத்தனை நாளாக இந்த ஊர் தன்னிடம் இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறது?

ஸ்டெஃபி அறைக்குள் வந்தாள். அவர் விரித்த துண்டை எடுக்காமல், அதற்குப் பக்கத்திலேயே தன் துண்டை விரித்தாள். முறை தெரிந்தவள். ஜிலேபியைத் தூக்கினாள், வயிற்றைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், தொண்டையைத் திருப்பினாள். இரண்டாம் தடவையும் திருப்பினாள். தன்ஷிகா காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோடு நின்றாள்.

"உள்ளதைச் சொல்லும்மா," என்றார் ஜிஷ்ணு. தன் குரல் இவ்வளவு பொறுமையாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "உனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகும்."

ஸ்டெஃபி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, எப்போதும் பேசுவதைவிட மெதுவாகப் பேசினாள்.

"கண்ணு பால் பூக்குதுங்ணா. சட்டை உரிக்கப் போகுது. இப்பப் போயி நெறம் சொல்லப்படாது. உரிச்சு முடிக்கட்டும், பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன்."

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் பின்னால், அலமாரிக் கைப்பிடியில், ஜிலேபி காலையில் உரித்த சட்டை தலையிலிருந்து வால்நுனி வரை முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் காற்றுக்கு லேசாக ஆடியது. ஸ்டெஃபி அதைப் பார்க்கவில்லை. உள்ளே வரும்போதே பார்த்துவிட்டதால்தான் இப்போது பார்க்கவில்லை.

ஜிஷ்ணு குனிந்து ஜிலேபியின் கண்ணைப் பார்த்தார். கறுப்பு மணி. அதில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு முன்னால் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. அத்தனை தெளிவு.

"ஆமா ஸ்டெஃபி," என்றார். "நல்லாவே பூத்திருக்குது."

"அதான பாத்தேன்," என்றாள் தன்ஷிகா.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒருவரையும் காட்டிக்கொடுக்கிற உத்தேசமில்லாமல் துண்டின் மடிப்புக்குள் தலையைச் செருகியது. அதன் மேல் ஜிஷ்ணுவுக்குக் கோபம் வரவில்லை. ருசி பார்த்தது, பார்த்ததைப் போட்டுக்கொண்டு வந்தது. அவர் பிழைப்பும் அதுதானே.

ஸ்டெஃபி துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டியவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், "வர்றேனுங்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கினாள். அவள் காலடிச் சத்தம் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. மூட்டையோடு இறங்குகிறவர்களின் நடை அவருக்குத் தெரியும். பாவம், அவளுக்கும் முழங்கால் போகப்போகிறது.

அறைக்குத் திரும்பியபோதுதான் மேஜையைக் கவனித்தார். காபி வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. பொய்யை அழகாகத்தான் சொன்னாள், டம்ளர்வரை வந்து தடுக்கி விழுந்துவிட்டாள். ஜிலேபியின் கண்ணில் பூக்காத பால் அங்கே மேலாகப் படர்ந்து, மெல்லிய ஆடையாகச் சுருங்கியிருந்தது.

"ஆறிப்போச்சுங்க. குடுங்க, வேற போட்டுத் தர்றேன்," என்றாள் தன்ஷிகா.

"இருக்கட்டும்."

அவர் ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். அவள் ஜிலேபியை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"தன்ஷி, நாளைக்கு மருதமலைக்குப் போலாமா? பஸ்ஸுல?"

"போலாமே."

"கையெல்லாம் புடிக்கப்படாது."

"யாரு புடிக்கறா?" என்றாள் அவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு.